பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி மாற்றுவது எப்படி: ஒன்பது நாள் பட்ட பாட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

என் லேப்டாப் 2018-ல் வாங்கியது. எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், உள்ளே 128 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக சிப்களில் டேட்டாவை வைக்கும் டிரைவ்). ஏழு வருடம் ஓடிய பிறகு சி டிரைவைத் திறந்தாலே சிவப்புக் கோடுதான், எதை அழித்தாலும் மறுநாள் மறுபடி 2 ஜிபியில் வந்து நிற்கும், விண்டோஸ் அப்டேட் இறங்க இடமே இல்லை. 2025 ஜூலையில் பொறுமை போய்விட்டது. பெரிய எஸ்எஸ்டி ஒன்று வாங்கி மாட்டிவிடலாம், வீடியோவில் எட்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்களே என்று இறங்கினேன்.

எனக்கு ஒன்பது நாள் ஆனது. எஸ்எஸ்டி தப்பாக வாங்கினேன், அதை யுஎஸ்பியில் இணைக்கும் கேசிங்கையும் தப்பாக வாங்கினேன், எல்லாம் சரியானதாக வந்து மாட்டிய பிறகும் லேப்டாப் எழுந்திருக்கவில்லை. மாட்டுகிற வேலை நிஜமாகவே பத்து நிமிடம்தான். மற்ற நாளெல்லாம் திருப்புளியை எடுப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியதைத் தெரிந்துகொள்வதில் போயிற்று. அதனால் இந்தக் கட்டுரையிலும் பெரும்பகுதி மாட்டுவதற்கு முன் செய்ய வேண்டியதைப் பற்றித்தான்.

1. மாற்றுவது லாபமா என்று முதலில் பாருங்கள்

உங்கள் லேப்டாப்பில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள். வேறு எந்தச் செலவும் இந்த அளவு வித்தியாசம் காட்டாது. ஏற்கெனவே எஸ்எஸ்டி இருந்து இடம் மட்டும் போதவில்லை என்றால், மாற்றிய பிறகு இடம் கிடைக்கும், வேகம் பெரிதாகக் கூடிவிடாது. இதை முன்பே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது.

ராம் 4 ஜிபி மட்டும் இருந்தால் முதலில் ராமைக் கவனியுங்கள். அடுத்தது விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான பிராசசர்களில் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறாது. அப்படிப்பட்ட லேப்டாப்பில் 4,000 ரூபாய் போடுவதற்கு முன், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் மாதிரி இலவச சிஸ்டம் ஒன்றுக்கு மாறத் தயாரா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தயார் என்றால் அந்த லேப்டாப் இன்னும் சில வருடம் நன்றாகவே ஓடும்.

2. உள்ளே எந்த வகை போகும் என்று கண்டுபிடியுங்கள்

பணம் வீணாவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லேப்டாப் எஸ்எஸ்டி என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முதலாவது, பழைய ஹார்ட் டிஸ்க் அளவிலேயே தட்டையான பெட்டி மாதிரி இருக்கும் 2.5 அங்குல சாட்டா (சாட்டா என்பது டிரைவும் போர்டும் பேசிக்கொள்ளும் பழைய முறை). இரண்டாவது, சூயிங்கம் பட்டை மாதிரி நீளமாக இருக்கும் எம்.2 சாட்டா. மூன்றாவது, பார்க்க அதே பட்டைதான், ஆனால் பேசும் மொழி வேறு, அதுதான் எம்.2 என்விஎம்இ. 2011 முதல் 2014 வாக்கில் வந்த சில லேப்டாப்களில் எம்சாட்டா என்ற குட்டி வகையும் உண்டு.

குழப்பம் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில்தான். சாட்டா வகை நொடிக்குச் சுமார் 550 எம்பி வரை போகும், என்விஎம்இ அதைவிடப் பல மடங்கு. ஆனால் உங்கள் ஸ்லாட் சாட்டாவுக்கு மட்டும் வயர் போட்டதாக இருந்தால் என்விஎம்இ பட்டை உள்ளே அழகாகப் போய் உட்காரும், ஸ்க்ரூவும் பொருந்தும், லேப்டாப் மட்டும் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. எனக்கு நடந்தது இதுதான். பட்டையில் ஒரு வெட்டு இருந்தால் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் சாட்டா என்று சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் இரண்டு வெட்டு உள்ள என்விஎம்இயும் இருக்கிறது, அதனால் வெட்டை மட்டும் எண்ணி முடிவு செய்யாதீர்கள்.

செய்ய வேண்டியது இரண்டு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள், இப்போது உள்ளே இருப்பது சீரியல் ஏடிஏவா என்விஎம் எக்ஸ்பிரஸா என்று இன்டர்ஃபேஸ் வரியிலேயே காட்டிவிடும். என்விஎம்இ என்று வந்தால் பிரச்சினை முடிந்தது, அதே வகையை வாங்கலாம். சாட்டா என்று வந்தால் மட்டும் இன்னொரு படி உண்டு, ஏனென்றால் சில ஸ்லாட்கள் இரண்டையும் ஏற்கும், சில ஏற்காது.

அதற்கு லேப்டாப்பின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். பெட்டியோடு வரும் சின்னப் புத்தகத்தைச் சொல்லவில்லை. சர்வீஸ் ஆட்களுக்காக எழுதிய முழு மேனுவல். டெல், எச்பி, லெனோவா மூன்றுமே தங்கள் தளத்தில் இதை இலவசமாக வைத்திருக்கின்றன. அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். முழு எண் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஒரே பெயரில் விற்ற லேப்டாப்பில் ஒரு வருடத்து போர்டு என்விஎம்இயை ஏற்கும், இன்னொரு வருடத்தது ஏற்காது. கிங்ஸ்டன் போன்ற நிறுவனங்களின் தளத்தில் லேப்டாப் மாடலைத் தேர்ந்தெடுத்தால் எது பொருந்தும் என்று பட்டியல் காட்டுவார்கள், அதையும் ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நீளம். எம்.2 பட்டையில் 2280 என்று எழுதியிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். 2242, 2230 என்று குட்டையானவையும் உண்டு. குட்டை ஸ்லாட்டில் நீளப் பட்டை போகாது. 2.5 அங்குலம் என்றால் தடிமனைப் பாருங்கள், இப்போது வருவதெல்லாம் 7 மில்லிமீட்டர். பழைய ஹார்ட் டிஸ்க் 9.5 ஆக இருந்திருந்தால் உள்ளே ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் தேவைப்படும்.

3. எவ்வளவு பெரியது, எந்த ரகம்

500 ஜிபி போதும் என்பது என் கருத்து. வீடியோ வேலை செய்பவர் என்றால் 1 டிபி. 500 ஜிபி வாங்கினால் விண்டோஸில் 465 என்றுதான் காட்டும், 1 டிபி 931 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, தயாரிப்பவர்கள் ஆயிரத்தால் கணக்குப் போடுகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் போடுகிறது.

பழைய லேப்டாப்புக்கு ஜென்4, ஜென்5 என்று என்விஎம்இயின் புதிய தலைமுறைகளுக்கு அதிக விலை கொடுக்காதீர்கள். ஜென்4 பட்டை ஜென்3 ஸ்லாட்டில் வேலை செய்யும், ஆனால் ஜென்3 வேகத்தில்தான் ஓடும். விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் உள்ளே இருக்கும் சிப் ரகத்தில் கியூஎல்சியைவிட டிஎல்சியை எடுங்கள், எழுத எழுதத் தேய்வது குறைவு. பெயரே கேள்விப்படாத பிராண்டில் 1 டிபி பாதி விலைக்கு வந்தால் தள்ளிப் போய்விடுங்கள்.

விலை நிலையாக இல்லை. நான் வாங்கியபோது இருந்த விலை அந்த வருடக் கடைசியிலேயே இல்லை, ஏஐ டேட்டா சென்டர்கள் சிப்களை அள்ளிக்கொண்டு போனதில் எஸ்எஸ்டி விலையும் ஏறிவிட்டது. அதனால் கீழே நான் சொல்லும் தொகைகளை ஒரு அளவுக்காக மட்டும் வைத்துக்கொண்டு, வாங்கும் அன்று இரண்டு இடத்தில் விசாரியுங்கள்.

4. வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டியவை

நான் சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தே போகலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் போனால் நின்று பேசக்கூட முடியாது, வார நாளில் மதியத்துக்கு முன் போனால் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

ஜிஎஸ்டி பில் கட்டாயம் வாங்குங்கள். பில் இல்லாமல் 200, 300 குறைத்துத் தருகிறேன் என்பார்கள், மயங்கவே கூடாது. எஸ்எஸ்டிக்கு 3 வருடமோ 5 வருடமோ வாரண்டி இருக்கும், அதைக் கேட்டுப் போகும்போது முதலில் கேட்பது பில்தான். பில்லில் எஸ்எஸ்டியின் வரிசை எண்ணை எழுதச் சொல்லுங்கள், பட்டையில் இருக்கும் எண்ணோடு கடையிலேயே ஒத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பில்லையும் பட்டையின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இந்த பில்களின் எழுத்து ஒரு வருடத்தில் மங்கிப் போய்விடும். பட்டையின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பிரிக்காதீர்கள், வாரண்டி போய்விடும். வாரண்டி என்பது வருடக் கணக்கு, மொத்தம் எழுதிய டேட்டா அளவு இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுவரைதான். வாரண்டியில் வேறு எஸ்எஸ்டி தருவார்கள், உள்ளே இருந்த டேட்டாவைத் தர மாட்டார்கள்.

முக்கியமாக, பணம் கொடுப்பதற்கு முன் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் போய் என் லேப்டாப் இதை எடுக்கவில்லை என்றதும், கவர் பிரித்தால் ரிட்டர்ன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் பக்கம் தப்பில்லை, நான்தான் ஸ்லாட்டைப் பார்க்காமல் போனவன்.

இன்னொன்று, கேசிங். பழைய எஸ்எஸ்டியில் இருப்பதைப் புதியதற்கு நகல் எடுக்க, புதியதை யுஎஸ்பி வழியாக இணைக்கும் சின்னப் பெட்டி இது. எம்.2 கேசிங்கிலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை. ஒன்றுக்கு உரியது மற்றதைக் காட்டாது. இரண்டையும் ஏற்கும் கேசிங்கும் விற்கிறது, கொஞ்சம் விலை அதிகம். என் கதை இப்படிப் போனது: என்விஎம்இயும் என்விஎம்இ கேசிங்கும் வாங்கினேன், நகல் அருமையாக எடுத்தது, நான் குஷியாகிவிட்டேன், உள்ளே மாட்டினால் லேப்டாப்புக்குத் தெரியவில்லை. சரி என்று எம்.2 சாட்டா வாங்கி வந்து அதே கேசிங்கில் போட்டேன், இப்போது கேசிங்குக்குத் தெரியவில்லை. மறுபடி ரிச்சி தெரு.

5. பேக்கப்பும் சாவிகளும்

நகல்தானே எடுக்கிறோம், பழையது அப்படியே இருக்குமே, பேக்கப் எதற்கு என்று தோன்றும். நகல் எடுக்கும்போது எது மூலம், எது இலக்கு என்பதை மாற்றித் தேர்ந்தெடுத்தால் காலி டிஸ்க் வந்து உங்கள் ஏழு வருடத்தின் மேல் உட்கார்ந்துவிடும். அதனால் மூன்றாவதாக ஒரு இடத்தில், வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ ஆன்லைனிலோ, முக்கியமானவை இருக்கட்டும்.

டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் எல்லாருக்கும் நினைவு வரும். மறந்து போகிறவை வேறு. பாமினி மாதிரி பழைய தமிழ் எழுத்துருக்கள் வைத்திருந்தால் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக நகல் எடுங்கள், அழைப்பிதழ், நோட்டீஸ் அடித்த பழைய ஃபைல்களை அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும், எங்கிருந்து வாங்கினோம் என்பதும் அதற்குள் மறந்திருக்கும். அழகி, என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை எதில் தட்டச்சு செய்கிறீர்களோ அதன் நிறுவு ஃபைலையும் எடுத்து வையுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட்கள் கணக்கோடு இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அவுட்லுக்கில் மெயிலைக் கணினியிலேயே இறக்கி வைத்திருப்பவர்கள் அந்தப் பெரிய பிஎஸ்டி ஃபைலைத் தேடி எடுங்கள்.

டாலி கணக்கு மென்பொருள் மாதிரி அந்தக் கணினியோடு பூட்டப்பட்ட லைசென்ஸ் இருந்து, விண்டோஸைப் புதிதாகப் போடப் போகிறீர்கள் என்றால், முதலில் லைசென்ஸை சரண்டர் செய்துவிடுங்கள். டிஜிட்டல் சிக்னேச்சர் யுஎஸ்பி டோக்கன் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம், சான்றிதழ் டோக்கனுக்குள்தான் இருக்கிறது, டிரைவர் மென்பொருளை மட்டும் மறுபடி போட வேண்டியிருக்கும்.

அடுத்தது பிட்லாக்கர், டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. நான் போடவே இல்லையே என்பீர்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து பயன்படுத்தும் லேப்டாப்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் தானாகவே இயங்கியிருக்கலாம். செட்டிங்ஸில் தேடிப் பாருங்கள். இயங்கினால் 48 இலக்க ரிகவரி கீ ஒன்று இருக்கும், மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் பார்க்கலாம். அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், அதே லேப்டாப்பில் சேமித்து வைத்துப் பிரயோசனமில்லை. பிறகு என்கிரிப்ஷனையே நிறுத்தி, முழுதாகப் பூட்டு அவிழும்வரை காத்திருங்கள். பூட்டிய டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்தால் காலி இடத்தையும் சேர்த்து எடுக்கும், நேரம் இழுக்கும், பின்னால் அளவை மாற்றுவதும் தலைவலி. எல்லாம் முடிந்த பிறகு மறுபடி இயக்கிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று, எனக்கு யாரும் சொல்லாதது: பயாஸுக்குள் (விண்டோஸ் எழுவதற்கு முன்பே வரும் மதர்போர்டின் செட்டிங் திரை) போய் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடுங்கள். லேப்டாப்பை ஆன் செய்யும்போது எஃப்2 அல்லது எஃப்10 அல்லது எஃப்1, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஏன் என்பது ஒன்பதாம் படியில் வரும்.

6. நகலா, புதிதாக விண்டோஸா?

இப்போது விண்டோஸ் நன்றாக ஓடுகிறது, இடம் மட்டும்தான் பிரச்சினை என்றால் நகல் எடுங்கள், க்ளோன் என்பார்கள். எல்லா மென்பொருளும் செட்டிங்கும் அப்படியே வரும். ஏற்கெனவே அடிக்கடி தொங்குகிறது, வைரஸ் சந்தேகம் இருக்கிறது என்றால் குப்பையையும் சேர்த்து நகல் எடுக்காதீர்கள், புதிதாகப் போடுங்கள்.

புதிதாகப் போட 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும், மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூல் அதைத் தயார் செய்து தரும், பென் டிரைவில் இருப்பது எல்லாம் அழியும். கேசிங் தேவையில்லை. விண்டோஸ் லைசென்ஸுக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம். டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு இணைந்தது, எஸ்எஸ்டி மாறினாலும் இன்டர்நெட் இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும், முன்பிருந்த அதே ஹோம் அல்லது ப்ரோ பதிப்பைப் போட வேண்டும், அவ்வளவுதான். சர்வீஸ் கடையில் ஒரிஜினல் விண்டோஸ் என்று சொல்லித் தனியாகப் பணம் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

7. நகல் எடுக்கும் நாள்

மென்பொருளுக்கும் பணம் தேவையில்லை. சாம்சங், டபிள்யூடி போன்ற நிறுவனங்கள் தங்கள் எஸ்எஸ்டிக்கு இலவச நகல் மென்பொருள் தருகின்றன. இல்லையென்றால் க்ளோன்ஜில்லா, அல்லது கண்ணுக்கு இதமாக இருக்கும் ரெஸ்க்யூஜில்லா. இரண்டும் பென் டிரைவிலிருந்து இயங்குபவை.

தொடங்குவதற்கு முன் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். சாதாரண ஷட் டவுனில் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், அப்போது நகல் மென்பொருள் முரண்டு பிடிக்கும்.

எது மூலம் எது இலக்கு என்பதை அளவையும் பிராண்டு பெயரையும் வைத்து இரண்டு முறை சரிபாருங்கள். எனக்கு 128-ம் 500-ம் என்பதால் சுலபம். இரண்டும் ஒரே அளவென்றால் மாடல் பெயரைக் காகிதத்தில் எழுதி வைத்து ஒத்துப் பாருங்கள்.

நேரம்: 100 ஜிபி டேட்டாவுக்கு யுஎஸ்பி 3 துளையில் அரை மணி நேரம் போல ஆகும், யுஎஸ்பி 2 துளையில் செருகினால் ஒரு மணி நேரத்துக்குத் தயாராக இருங்கள். உள்ளே நீலமாக இருக்கும் துளை பெரும்பாலும் யுஎஸ்பி 3. சார்ஜரைச் செருகியே வையுங்கள். பழைய லேப்டாப்பில் பேட்டரி செத்துப் போயிருந்தால் கரண்ட் போன நொடியில் நகல் கெட்டுவிடும், யுபிஎஸ் இருக்கும் பிளக்கில் செருகுங்கள்.

8. திறந்து மாட்டுதல்

வேண்டியவை: சின்ன பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர், காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்று, வெள்ளைத் தாள், செலோடேப். மெத்தையின் மேல் வைத்து வேலை செய்யாதீர்கள், மேஜை வேண்டும். ஃபேனை நிறுத்திவிடுங்கள், ஸ்க்ரூ பறக்காது என்றாலும் தாள் பறக்கும்.

முழுதாக ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பொத்தானைப் பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். தாளில் லேப்டாப்பின் அடிப்பாகத்தை உத்தேசமாக வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே செலோடேப்பால் ஒட்டுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும், ஆனால் நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூ இடத்தில் போட்டு முறுக்கினால் மேலே கீபோர்டு பக்கம் முளைத்துவிடும். எல்லா ஸ்க்ரூவையும் எடுத்தும் மூடி வரவில்லை என்றால் ரப்பர் கால்களுக்கு அடியில் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும், டிவிடி டிரைவ் உள்ள மாடலில் அதைக் கழற்றினால் அடியில் இருக்கும். பலத்தைக் காட்டாதீர்கள், மேனுவலைத் திறந்து பாருங்கள். ஏடிஎம் கார்டை இடுக்கில் விட்டு ஓரமாக நகர்த்திக்கொண்டே போனால் டக் டக் என்று விடும்.

திறந்ததும் முதல் வேலை, உள்ளே இருக்கும் எதையும் தொடுவதற்கு முன் ஒரு வெறும் உலோகப் பொருளைத் தொட்டுவிட்டு, பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. வயரைப் பிடித்து இழுக்காமல் இணைப்பின் பிளாஸ்டிக்கை நகத்தால் மெதுவாகத் தள்ளுங்கள்.

எம்.2 என்றால் ஒரே ஒரு குட்டி ஸ்க்ரூ. அதை எடுத்ததும் பட்டை தானாகச் சாய்வாக எழும்பும், அந்தச் சாய்விலேயே வெளியே இழுங்கள். புதியதையும் அதே சாய்வில் உள்ளே விட்டு, கீழே அழுத்தி, ஸ்க்ரூ போடுங்கள். தங்க நிறத் தகடுகள் கொஞ்சம்கூட வெளியே தெரியக் கூடாது. பழையதன் மேல் வெப்பம் கடத்தும் தகடோ பேடோ இருந்தால் அதைப் புதியதற்கு மாற்றுங்கள். 2.5 அங்குலம் என்றால் பழையதைச் சுற்றியிருக்கும் உலோகச் சட்டத்தைக் கழற்றிப் புதியதற்கு மாட்டி, நேராகத் தள்ளினால் போதும்.

பேட்டரியை இணைத்து, மூடியை வைத்து இரண்டு ஸ்க்ரூ மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். எல்லா ஸ்க்ரூவையும் முறுக்கிவிட்டால் அன்றைக்குத்தான் மறுபடி திறக்க வேண்டி வரும்.

9. எழுந்திருக்கவில்லை என்றால்

முதலில் பயாஸுக்குள் போய்ப் புதிய எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் சரியாக உட்காரவில்லை, கழற்றி மறுபடி மாட்டுங்கள். அப்போதும் தெரியவில்லை என்றால் இரண்டாம் படியை மறுபடி படியுங்கள், பெரும்பாலும் வகை தப்பு.

பெயர் தெரிகிறது, ஆனால் நீலத் திரை வருகிறது, பூட் டிவைஸை அணுக முடியவில்லை என்கிறது. எனக்கு இதுதான் வந்தது. நகலில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை புதிதாக நகல் எடுத்தேன், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. தற்செயலாகப் பயாஸில் தேதியைப் பார்த்தால் 2018 ஜனவரி என்று காட்டியது. அப்போதுதான் உறைத்தது. மதர்போர்டில் ஒரு சின்ன சிமோஸ் பேட்டரி இருக்கிறது, பயாஸ் செட்டிங்குகளையும் கடிகாரத்தையும் அதுதான் காப்பாற்றி வைக்கும். ஏழு வருடத்தில் அது செத்துப் போயிருந்தது. பெரிய பேட்டரி இணைந்திருந்தவரை தெரியவில்லை, நான் அதைக் கழற்றிய நொடியில் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து தொழிற்சாலை நிலைக்குப் போய்விட்டது. டிஸ்க்கோடு போர்டு எந்த முறையில் பேச வேண்டும் என்று சொல்லும் சாட்டா மோட், ஏஹெச்சிஐயிலிருந்து ரெய்டுக்கு மாறியிருந்தது. திருப்பி ஏஹெச்சிஐ என்று வைத்ததும் விண்டோஸ் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்தது.

உங்களுக்கு எது எப்படி இருந்தது என்பது நீங்கள் எடுத்து வைத்த போட்டோவில் இருக்கும். சாட்டா மோட், பூட் முறை யுஇஎஃப்ஐயா லெகஸியா, செக்யூர் பூட், இந்த மூன்று செட்டிங்கையும் பழையபடி வையுங்கள். முன்பு ரெய்டில் இருந்ததை நல்லது என்று நினைத்து ஏஹெச்சிஐக்கு மாற்றினாலும் இதே பிழைத் திரைதான் வரும். தேதியையும் திருத்துங்கள், இல்லையென்றால் வங்கித் தளம் எதுவும் திறக்காது. எப்படியும் திறக்கப் போகிறீர்கள், ஐந்து வருடத்துக்கு மேலான லேப்டாப் என்றால் சிமோஸ் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். வெறும் சிஆர்2032 பட்டன் செல்லாக இருந்தால் பெட்டிக் கடையிலேயே கிடைக்கும், வயர் வைத்ததாக இருந்தால் மாடலைச் சொல்லி வாங்க வேண்டும்.

10. எழுந்த பிறகு

சி டிரைவ் இன்னும் பழைய அளவிலேயே இருந்தால் பதற வேண்டாம். நகலில் பழைய பகுதிகளின் அளவு அப்படியே வந்திருக்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி-யின் மேல் ரைட் கிளிக் செய்து எக்ஸ்டென்ட் கொடுங்கள். அது மங்கலாக இருந்தால், சி-க்கும் காலி இடத்துக்கும் நடுவில் ரிகவரி பகுதி ஒன்று குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸால் அதை நகர்த்த முடியாது, ஜிபார்ட்டெட் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து இயக்கி ரிகவரி பகுதியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு வந்தால் வேலை முடியும். நிதானமாகச் செய்யுங்கள், பேக்கப் இருக்கிறதே என்ற தைரியம் இந்த இடத்தில்தான் உதவும்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவை மறுபடி திறந்து, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதைப் பாருங்கள். புதியது என்று வாங்கியது ஆயிரக்கணக்கான மணி காட்டினால் பில்லை எடுத்துக்கொண்டு உடனே கடைக்குப் போங்கள். ஆக்டிவேஷன் சரியா, வாரண்டி பதிவு செய்தாயிற்றா, என்கிரிப்ஷனை மறுபடி இயக்கினீர்களா, அவ்வளவுதான்.

11. என் செலவு

எம்.2 சாட்டா 500 ஜிபி 3,600 ரூபாய், அதற்கான கேசிங் 500, ஸ்க்ரூ டிரைவர் செட் 300, வயர் வைத்த சிமோஸ் பேட்டரி 150. ஆக மொத்தம் 4,550. இதோடு நின்றிருக்க வேண்டியது. தப்பாக வாங்கிய என்விஎம்இ 3,300, அதன் கேசிங் 1,100. முழுக்கணக்கு 8,950. நேரத்தைப் பொறுத்தவரை, எல்லாம் தெரிந்து செய்தால் ஒரு அரை நாள் வேலை: பேக்கப்புக்கு இரண்டு மணி, நகலுக்கு ஒரு மணி, மாட்ட அரை மணி, சோதித்துப் பார்க்க ஒரு மணி. மாதக் கடைசியில், கணக்கு முடிக்கிற வாரத்தில், தேர்வுக்கு முந்தின நாளில் தொடாதீர்கள்.

பழைய எஸ்எஸ்டியை உடனே ஃபார்மட் செய்யாதீர்கள். ஒரு மாதம் அப்படியே ஒரு கவரில் போட்டு வையுங்கள், ஏதாவது ஒன்று விட்டுப்போனது நிச்சயம் நினைவுக்கு வரும், எனக்கு மூன்றாவது வாரத்தில் வந்தது. அதற்காக வருடக் கணக்கில் அலமாரியில் பேக்கப்பாகவும் வைக்காதீர்கள், மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடக்கும் எஸ்எஸ்டி டேட்டாவை இழக்கக்கூடும். யாருக்காவது கொடுப்பதானால் வெறும் ஃபார்மட் போதாது, எஸ்எஸ்டி நிறுவனத்தின் மென்பொருளில் இருக்கும் செக்யூர் இரேஸ் கொடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

தப்பாக வாங்கிய அந்த என்விஎம்இயும் தப்பாக வாங்கிய கேசிங்கும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தின. இப்போது அதுதான் என் பேக்கப் டிரைவ், வாரம் ஒரு முறை செருகுகிறேன்.